நாற்பது வயதில் தொழில் மாற்றிக்கொள்வது தகுமா?



"சாமி, இத்தனை வருஷம் பார்த்த வேலையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதப் படிக்கலாமென்று இருக்கிறேன். இந்த வயதில் இது தகுமா?" இந்தக் கேள்வியை, வார்த்தை முன்பின்னாக இருந்தாலும், இவ்வருஷத்தில் மூன்று நான்கு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒருவர் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். ஒருவர் நூற்பாலையில் ஷிப்டு வேலை. இன்னொருவர் கடை வைத்துப் பார்த்தவர். எல்லோரும் முப்பத்தெட்டுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவே இருப்பவர்கள். மனைவி மக்கள் உள்ளவர்கள். கேட்கும்போது ஒருவர் தவறாமல் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பேசுவதுபோல. தொழில் மாற நினைப்பதில் குரலைத் தாழ்த்தும்படி என்ன இருக்கிறது என்பதுதான் இந்த வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். இந்தக் கரிசல் சீமையில் தொழில் மாற்றம் புதிதல்ல. மழை பொய்த்த மானாவாரிக் காட்டை நம்பி வயிறு நிறையாது என்று கண்டபோதுதான் நம் ஜனங்கள் தீப்பெட்டியைக் கையில் எடுத்தார்கள். சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு வாலிபர்கள் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய் அந்தத் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். பிறகு அது சாத்தூர், கோவில்பட்டி என்று பரவி நம் வீட்டுத் திண்ணைவரை வந்துவிட்டது. அன்றைக்கு அவர்களைப் பார்த்து, "உழவை விட்டுக் குச்சி அடுக்கப் போகிறாயே" என்று எத்தனை பேர் கைகொட்டிச் சிரித்திருப்பார்களோ! இன்றோ அந்தத் தீப்பெட்டியே தள்ளாடுகிறது. ஒரு ரூபாய்ப் பெட்டி இரண்டு ரூபாயாவதற்கு, 2007-லிருந்து 2021 டிசம்பர் வரை, பதினான்கு வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. வெளிநாட்டு பிளாஸ்டிக் லைட்டர் வந்து கடையில் உட்கார்ந்துகொண்டது. இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டரை இறக்குமதி செய்யக்கூடாதென்று 2023-ல் சர்க்கார் தடை போடும் அளவுக்கு நிலைமை முற்றியது. கையால் செய்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டு வருகிறது. ஆகையால் ஒரு குடும்பத் தலைவர், "இன்னும் இருபது வருஷம் இது எனக்குச் சோறு போடுமா?" என்று கேட்டால் அது பேராசையன்று, கண் திறந்திருப்பதன் அடையாளம்.

ஆயினும் நம் மனதின் அடியில் ஒரு பழைய எண்ணம் கிடக்கிறது. பிறந்த குலம் எதுவோ அதன் தொழிலே மனிதனுக்கு விதிக்கப்பட்டது, அதை விட்டு வேறு தொழிலுக்குத் தாவுகிறவன் எல்லை மீறுகிறான் என்பதே அது. இதை வெளியே சொல்ல இப்போது வெட்கப்படுகிறோம். ஆனால் அயலான் மகன் படித்து மேலே போகும்போது நம் நாக்கு அதைத்தான் வேறு வார்த்தையில் சொல்லுகிறது. திருச்சபை இதை ஒருபோதும் போதித்ததில்லை. அர்ச். சின்னப்பர் வேத சாஸ்திரியாயிருந்தும் கொரிந்து பட்டணத்தில் கூடாரம் தைத்துப் பிழைத்தார் என்று அப்போஸ்தலர் நடபடி சொல்லுகிறது. தொழில் மனிதனுக்காக உண்டானதேயொழிய மனிதன் தொழிலுக்காக உண்டானவனல்ல. பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-ல் தொழிலைப் பற்றி எழுதிய நிருபத்தின் சாரமும் இதுதான்: செய்யப்படும் வேலை எதுவென்பதைக் கொண்டல்ல, அதைச் செய்கிறவன் ஒரு மனிதன் என்பதைக் கொண்டே வேலைக்கு மதிப்பு.

இந்தப் போதனை இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி என்பதைக் கவனியுங்கள். குச்சி அடுக்குகிறவனை விடக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து விசைப்பலகை தட்டுகிறவன் மேலான மனிதன் அல்ல. எனவே, "என் வேலையைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது, அதனால் மாறுகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு வேண்டியது வேறு வேலையல்ல என்பேன். தீப்பெட்டி ஆபீஸில் வெட்கப்பட்டவர் சாப்ட்வேர் கம்பெனியிலும் வெட்கப்படுவார்; அங்கே அவரைவிட இருபது வயது இளையவர் இரட்டிப்புச் சம்பளம் வாங்குவதைத் தினமும் பார்க்க வேண்டியிருக்குமே!

இனி, அழைத்தலும் தொழிலும் ஒன்றா என்பதைப் பார்ப்போம். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். விவாகம் ஓர் அழைத்தல்; குருத்துவம் ஓர் அழைத்தல். இவற்றில் வாக்குக் கொடுத்திருக்கிறோம். நாற்பது வயதில் சலித்துப்போயிற்று என்று மாற்றிக்கொள்ள முடியாது. தொழிலுக்கு அப்படி யாரும் பீடத்தின் முன் வாக்குக் கொடுக்கவில்லை. அது அழைத்தலைத் தாங்கும் தூண். தூண் செல்லரித்தால் மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். ஆனால் தூணை மாற்றும்போது மேலே இருக்கும் கூரையைப் பார்த்துக்கொண்டு மாற்ற வேண்டும். ஒரு குடும்பஸ்தனுக்குக் கூரை எது? அவன் மனைவிக்குக் கொடுத்த வாக்கும், அவன் பெற்ற பிள்ளைகளுமே. ஆகவே, "தொழில் மாறலாமா?" என்ற கேள்விக்குப் பதில், "மாறலாம்" என்பதுதான். அதற்கு அடுத்த கேள்விதான் கடினமானது: "யாருடைய செலவில்?"

அதற்குப் போகுமுன் மனதுக்குத் தைரியம் தரும் சிலரைப் பார்ப்போம். வயதாகிவிட்டதென்று சொல்லுகிறவர்களுக்கு முதலில் அர்ச். இஞ்ஞாசியாரைக் காட்டுவேன். 1491-ல் பிறந்து, போர்வீரராயிருந்து, 1521-ல் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டினால் கால் முறிந்தவர். 1524-ல் பார்சலோனாவில், முப்பத்துமூன்று வயதில், லத்தீன் இலக்கணத்தைத் தொடக்கத்திலிருந்து கற்கத் துணிந்தார். பாடத்தை மனனம் செய்ய உட்கார்ந்தால் பக்தியான எண்ணங்கள் பெருகி வந்து படிப்பைக் கெடுக்குமாம். அவை பார்வைக்கு நல்ல எண்ணங்களேயாயினும் சோதனையென்று கண்டுகொண்டு, இனிமேல் பாடத்தைத் தவறவிடமாட்டேன் என்று உபாத்தியாயருக்கு வாக்குக் கொடுத்தார். பாரிஸ் சர்வகலாசாலையில் அவர் பட்டம் பெற்று முடிக்கும்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

நம் சீமைக்கே வருவோம். காமநாயக்கன்பட்டி இங்கிருந்து வெகுதூரமில்லை. அங்கே ஊழியம் செய்த வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து முப்பது வயதில் இந்தியா வந்து, அதற்குப் பிறகுதான் தமிழ் அரிச்சுவடியைத் தொட்டார். ஐம்பதைத் தாண்டியபின் 1732-ல் சதுரகராதி செய்தார். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் எழுத்தில் வேறு தெரியும்படி அவர் செய்த திருத்தம்தான் இன்று உங்கள் கைப்பேசியில் நீங்கள் தட்டும் எழுத்து.

கம்ப்யூட்டரையே எடுத்துக்கொண்டாலும் சான்று இருக்கிறது. 1913-ல் பிறந்த இருவரைச் சொல்லுகிறேன். ஒருவர் இத்தாலியரான சேசுசபைக் குரு ரொபேர்த்தோ பூசா. அர்ச். தோமாஸ் அக்குயினாஸின் நூல்களில் 'உள்ளே' என்று பொருள்படும் 'இன்' என்ற ஒரு சிறு சொல் வரும் இடங்களையெல்லாம் ஆராய, பத்தாயிரம் அட்டைகளைக் கையாலேயே எழுதினவர். இப்படியே மற்ற எல்லாச் சொற்களுக்கும் எழுத ஓர் ஆயுள் போதாதென்று கண்டு, 1949-ல், ஏறக்குறைய முப்பத்தாறு வயதில், அமெரிக்கா சென்று ஐ.பி.எம். கம்பெனித் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்து உதவி கேட்டார். முதலில் தயங்கியவர் பின்பு இசைந்தார். ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் சொற்களைத் துளையட்டையில் ஏற்றி அடுக்கிய அந்த அகராதி ஐம்பத்தாறு பெரும் புத்தகங்களாக 1980-ல் முடிந்தது. (அந்த அட்டைகளில் துளை போட்டவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். குருவின் பெயர் உலகமெங்கும் தெரியும். அந்தப் பெண்களின் பெயர்களை இப்போதுதான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தீப்பெட்டிச் சீமையில் இருக்கும் நமக்கு இது புரியாத விஷயமல்ல.) மற்றவர் அமெரிக்கக் கன்னியாஸ்திரீ மரி கென்னத் கெல்லர். 1965-ல் கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. அந்தச் சாஸ்திரத்தில் அத்தேசத்தில் வழங்கப்பட்ட முதற்பட்டங்களில் அதுவும் ஒன்று. பிறகு இருபது வருஷம் ஒரு கல்லூரியில் அந்தத் துறையை உண்டாக்கி நடத்தினார்.

"பார்த்தீர்களா சாமி, அவர்களால் முடிந்தது, என்னால் முடியாதா?" என்று உடனே எழுந்துவிட வேண்டாம். இந்த நால்வருக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு: ஒருவருக்கும் பிள்ளை குட்டி கிடையாது. பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டியதில்லை, வீட்டு வாடகை இல்லை, மாமியாருக்கு மருந்து வாங்க வேண்டியதில்லை. இஞ்ஞாசியார் பிச்சையெடுத்துப் படித்தார். உங்கள் பிள்ளைகளைப் பிச்சையெடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. புத்திக்கு வயதில்லை என்பதற்கு மாத்திரம் இவர்கள் சாட்சி. மற்ற கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டுமென்று நம் ஆண்டவர் சொன்னது லூக்காஸ் சுவிசேஷம் 14-ம் அதிகாரத்தில் இருக்கிறது. உட்கார்ந்து என்கிறார், ஓடிக்கொண்டே அல்ல.

தாலந்து உவமையையும் சிலர் என்னிடம் காட்டுகிறார்கள். பயந்து மண்ணில் புதைத்தவன் தண்டிக்கப்பட்டானே, ஆகவே துணிவதுதான் புண்ணியம் என்கிறார்கள். நல்லது. ஆனால் அந்த ஊழியர்கள் வியாபாரம் செய்தது அதற்கென்றே எஜமான் கொடுத்த பணத்தில் அல்லவா? எது உங்களிடம் துணிந்து போடும்படி கொடுக்கப்பட்டது, எது காப்பாற்றும்படி கொடுக்கப்பட்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் தூக்கம் உங்களுடையது. ஒரு மணி நேரம் குறைக்கலாம். உங்கள் பொழுதுபோக்கும், டீக்கடைப் பெஞ்சும், சாயங்காலக் கிரிக்கெட்டும் உங்களுடையவை. உங்கள் கௌரவம் உங்களுடையது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் கைகட்டிப் பாடம் கேட்கலாம். இவற்றையெல்லாம் தாராளமாகப் பணயம் வையுங்கள். மனைவியின் நகை உங்களுடையதல்ல. அவள் தாய் தகப்பன் அவளுக்குப் போட்டது அவளுடையது. சட்டமும் அப்படியே சொல்லுகிறது. பிள்ளையின் படிப்புக்கென்று சேர்த்தது உங்களுடையதல்ல. வயதான தகப்பனாரின் மருந்துப் பணம் உங்களுடையதல்ல. பிறர் உடைமையைக் கொண்டு சூதாடுகிறவன், ஜெயித்தாலும், நீதிக்கு விரோதமாய் நடந்தவனே.

இதைக் கண்டிப்பாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. "ஆறே மாதத்தில் வேலை உறுதி" என்று விளம்பரப் பலகை வைத்து ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்கிற இடங்கள் பெருகிவிட்டன. அவர்கள் வாசலுக்கும் நகைக்கடன் வாசலுக்கும் நடுவே அதிக தூரமில்லை. புரோகிராம் என்பது யாது? கம்ப்யூட்டர் செய்யவேண்டியதை ஒன்றன்பின் ஒன்றாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதிக் கொடுக்கும் கட்டளை வரிசை, அவ்வளவே. "உப்பு தேவையான அளவு" என்றால் புதிதாய் வந்த மருமகளுக்குக்கூடப் புரியும், கம்ப்யூட்டருக்குப் புரியாது. எத்தனை சிட்டிகை, எப்போது, போட மறந்தால் என்ன என்பதெல்லாம் எழுத வேண்டும். இந்தக் கட்டளைகளை எழுதப் பல பாஷைகள் உண்டு. அவற்றுள் பைத்தான் என்பது 1991-ல் ஒல்லாந்து தேசத்து கீடோ வான் ரோசம் வெளியிட்டது. ஒரு பைசா கொடுக்காமல் யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். வழியாகவும், 2017-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய ஸ்வயம் வழியாகவும் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய லாப்டாப் ஒன்றும் இன்டர்நெட்டும் இருந்தால் போதும். ஆகவே, தனக்கு இது வருமா வராதா என்று தெரிந்துகொள்ள ஒருவனும் கடன் வாங்கவேண்டிய அவசியமே இல்லை. இரவு எட்டரையிலிருந்து பத்துவரை, ஆறு மாதம், வேலையை விடாமலே உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரு சிறு குறி விட்டுப்போனதற்காக மூன்று ராத்திரி தேடுவதில் வெறுப்பு வருகிறதா, அல்லது அகப்பட்டபோது உள்ளம் குளிருகிறதா என்று தன்னையே கவனிக்கட்டும். புரோகிராம் எழுதுவதில் பெரும்பகுதி எழுதுவதல்ல, பிழை தேடுவதுதான். அதற்குப் பொறுமையுள்ளவனுக்கு இது தொழில். மற்றவனுக்கு இது விலங்கு.

இன்னொரு எச்சரிக்கை. நம் கரிசல் காட்டில் கம்பும் சோளமும் போட்ட இடமெல்லாம் மக்காச்சோளமாக மாறியது உங்களுக்குத் தெரியும். ஒருவன் நாலு காசு பார்த்தான். ஊரே அதைப் போட்டது. 2018-ல் படைப்புழு வந்தது. ஒரே பயிராய்க் கிடந்த காட்டில் அதற்குத் தடையேது? சாப்ட்வேரிலும் இந்தக் கதை நடக்கக் கூடும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, ஆரம்ப நிலையில் இருப்பவர் எழுதும் சிறு புரோகிராம்களை இயந்திரமே எழுதிக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி தன் ஊழியரில் நூற்றுக்கு இரண்டு பேரை, அதாவது சுமார் 12,000 பேரை, குறைக்கப்போவதாக அறிவித்தது. அவர்கள் பெரும்பாலும் நடுத்தர, மேல்நிலைப் பதவியில் இருப்பவர்கள். நாற்பது வயதுக்காரர் அங்கிருந்து வெளியே வருகிற வாசல் வழியாக, நம் நாற்பது வயதுக்காரர் உள்ளே போக நிற்கிறார்! 2025 மே மாதம் தெரிந்தெடுக்கப்பட்ட நம் பாப்பரசர் 14-ம் சிங்கராயர் அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டதற்குச் சொன்ன காரணமும் இதை ஒட்டியதே. 13-ம் சிங்கராயர் 1891-ல் ஆலைத் தொழிலாளருக்காகப் பேசினார். இன்று செயற்கை அறிவினால் வேலைக்கும் மனித மாண்புக்கும் வரும் கேள்விகளுக்குத் திருச்சபை பேசவேண்டியிருக்கிறது என்றார்.

அப்படியானால் வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்கலாம். இல்லை. எப்படி நுழைவது என்பதில்தான் விவேகம். அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் விவேகத்துக்கு மூன்று செய்கை சொல்லுகிறார்: ஆலோசிப்பது, தீர்மானிப்பது, தீர்மானித்ததைச் செய்யும்படி தனக்குத்தானே கட்டளையிடுவது. மூன்றாவதே தலையானது என்கிறார். நம்மில் பலர் ஆலோசனையிலேயே பத்து வருஷம் கழித்துவிடுகிறோம். வேறு சிலர் ஆலோசனையே இல்லாமல் கட்டளைக்குப் போய்விடுகிறார்கள். கற்றுக்கொள்ளும் பணிவும் விவேகத்தின் ஒரு பாகம் என்றும், கற்றவர்களும் பெரியவர்களும் சில விஷயங்களில் பிறரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவர்களே என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

ஆலோசனைக்கு வழி சொல்லுகிறேன். பூசா சுவாமி கம்ப்யூட்டரிடம் போனபோது அர்ச். தோமாஸை விட்டுவிட்டுப் போகவில்லை. தோமாஸைக் கையில் எடுத்துக்கொண்டே போனார். அதனால்தான் அவருக்கு அங்கே வேலை இருந்தது. இருபது வயதுப் பையனுக்கு வேகமுண்டு. உங்களுக்கு உலகம் தெரியும். தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் கணக்கு எப்படித் தவறுகிறது, கூலி நோட்டில் எந்த இடத்தில் சண்டை வருகிறது, மழைக்காலத்தில் குச்சி காயாவிட்டால் கணக்கு எங்கே இடிக்கிறது என்பதெல்லாம் சென்னையிலிருக்கும் எந்தப் பட்டதாரிக்கும் தெரியாது. நூற்பாலையிலும், கடலைமிட்டாய்க் கடையிலும், உரக்கடையிலும், சொசைட்டியிலும் அப்படியே. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கணக்கும் கம்ப்யூட்டரும் இரண்டும் தெரிந்தவனுக்கு வந்த கிராக்கியை நாம் பார்த்தோமே. பழைய தொழிலை மூட்டை கட்டி எறிந்துவிட்டு வெறுங்கையோடு புதுத் தொழிலின் வாசலில் நிற்கிறவன் இருபது வயதுக்காரனோடு ஓட்டப்பந்தயம் ஓடவேண்டும். பழையதைத் தோளில் சுமந்துகொண்டு போகிறவனுக்கு அந்தப் பந்தயமே இல்லை.

பலர் மத்தளம்பாறையைச் சொல்லுகிறார்கள். உண்மைதான். தென்காசிக்குப் பக்கத்தில் அந்தக் கிராமத்தில் ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ கம்பெனி 2011 முதல் நடக்கிறது. காலேஜ் வாசலை மிதிக்காத பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கும் பள்ளியை 2005 முதல் நடத்துகிறார்கள். சாப்ட்வேருக்குச் சென்னையும் அமெரிக்காவும்தான் வேண்டுமென்பதில்லை, வேப்பமரத்தடியிலும் எழுதலாம் என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் அந்தப் பள்ளி பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமாவும் முடித்த இளையோருக்கானது. நாற்பது வயதுக்காரர் அதை நம்பி வேலையை விடலாகாது. உங்கள் மகனையோ மகளையோ அனுப்பப் பாருங்கள். குடும்பத்தில் ஒருவர் தொழில் மாறவேண்டுமென்றால் அது தகப்பனாகத்தான் இருக்க வேண்டுமா என்பதும் ஒரு நல்ல கேள்வியே.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் ஆண்கள். தீப்பெட்டியில் வேலை செய்கிறவர்களோ பெரும்பாலும் பெண்கள். தாய்மார்களுக்கு இந்த ஆசை வருவதில்லையா? வருகிறது. கேட்கத்தான் துணிவதில்லை. கணவன் ராத்திரி படிக்க உட்கார்ந்தால் வீடே அமைதியாகிறது. மனைவி படிக்க உட்கார்ந்தால் சட்டி பானை எல்லாம் பேச ஆரம்பிக்கிறது. கெல்லர் சகோதரி ஒரு பெண் என்பதை மறக்கவேண்டாம். பிள்ளைகளுக்காக வேலையை விட்டு வருஷங்கள் கழித்துத் திரும்ப நினைக்கும் பெண்களுக்கென்று 'மறுபடி' என்ற பெயரில் ஒரு பயிற்சியை மேற்சொன்ன ஜோஹோவே நடத்தியிருக்கிறது. வீட்டில் ஒன்றரை மணி நேர அமைதி தர கணவன்மார் மனம் வைத்தாலே பாதிப் பயிற்சி முடிந்தது.

கடைசியாக, எப்போது தீர்மானிக்கக்கூடாது என்பதைச் சொல்லவேண்டும். மனம் வறண்டு இருண்டு கிடக்கும் நாட்களில் முன் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது அர்ச். இஞ்ஞாசியாரின் ஞானப் பயிற்சியிலுள்ள ஒரு சட்டம். முதலாளி எல்லோர் முன்னும் ஏசிவிட்டார், பக்கத்து வீட்டில் கார் வந்து நின்றது, மச்சான் துபாயிலிருந்து வந்து பேசிவிட்டுப் போனார் – இந்த வாரங்களில் ராஜிநாமா எழுதவேண்டாம். ஆனால் ஆலையே மூடிவிட்டால்? அது வேறு. அங்கே சலிப்பல்ல, தேவையே பேசுகிறது. அப்போது வேண்டியது ஆறு மாதப் பரீட்சையல்ல, அடுத்த திங்கட்கிழமைக்கு அரிசி. முதலில் கிடைத்த நேர்மையான வேலையைப் பிடித்துக்கொண்டு, பிறகு ராத்திரிப் படிப்பைத் தொடங்குங்கள்.

மனைவி சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அவளுடைய சம்மதம் மரியாதைக்காகக் கேட்கும் சம்மதமல்ல. சம்பளம் நின்றால் அடுப்பில் முதலில் தெரிந்துகொள்கிறவள் அவளே. ஆகவே நீதியின்படி அவளுக்குப் பாதிக் குரல் உண்டு. அவள் வேண்டாமென்றால், அவளுடைய பயம் எதைப் பற்றியது என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அது மூன்று கேள்வியில் அடங்கிவிடும்: எத்தனை நாள், எவ்வளவு பணம், முடியாமற்போனால் எங்கே திரும்பி வருவது? மூன்றுக்கும் பதிலை வாயால் சொல்லாமல் ஒரு முழுத்தாளில் எழுதி அவள் கையில் கொடுங்கள். அவள் பத்து நாள் வைத்துக்கொண்டு யோசிக்கட்டும். நடுவில் தொந்தரவு செய்யவேண்டாம். அதற்குப் பிறகும் வேண்டாமென்றால் பழைய வேலை பழைய வேலையாகவே இருக்கட்டும், ராத்திரிப் படிப்பு மட்டும் நடக்கட்டும். வேலையை விடும் தேதியை அவளே காலண்டரில் குறிக்கட்டும்.